கல்லா முதல் அடுப்படி வரை: ஹோட்டல் பிரிண்டரும் திரையும் லேனில் நிற்காமல் ஓட

ஹோட்டல்காரர்கள் போன் செய்தால் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: “தம்பி, கிச்சன்ல கேஓடி விழல.” நேரம் எப்போதும் ராத்திரி எட்டரை, கிழமை ஞாயிறு. கல்லாவில் பில் அடிக்கும், சப்ளையர் டேப்லெட்டில் ஆர்டர் போகும், அடுப்படியில் மட்டும் கேஓடி, அதாவது ஆர்டர் விவரம் அடித்த சீட்டு, வராது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

புதுக்கோட்டை, காரைக்குடி, திருச்சி பக்கம் ஹோட்டல்களுக்கு பில்லிங் அமைத்துத் தருவது என் பிழைப்பு. எந்த மென்பொருள் வாங்கினாலும் வருகிற அழைப்புகளில் மென்பொருள் கோளாறு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பிரிண்டர், டிவி, தராசு, அவற்றுக்கு நடுவே ஓடும் ஒயர், அதாவது கடைக்குள் கருவிகளைப் பிணைக்கும் லேன். இவற்றை ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கட்டிவிட்டால் அந்த எட்டரை மணி போன் வராது. எப்படிக் கட்டுவது என்று, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன். நடுத்தர ஹோட்டல் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கல்லாவில் ஒரு கணினி, பார்சல் கவுண்டரில் ஒன்று, நான்கு பிரிண்டர், டோக்கன் காட்ட ஒரு டிவி, அடுப்படியில் ஒரு திரை, சுவீட் ஸ்டாலில் ஒரு தராசு.

முதலில் ஒரு தாள்

கணினியைத் தொடும் முன் ஒரு வெள்ளைத்தாளில் எல்லாக் கருவிகளையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐபி எண், அதாவது லேனில் அதன் முகவரி, ஒதுக்கிவிடுவேன். ரவுட்டர் 192.168.50.1. கல்லாக் கணினி கடைசி எண் 10, பார்சல் 11. பிரிண்டர்கள் 21-லிருந்து: கல்லா 21, அடுப்படி 22, தோசைக்கல் 23, காபி-ஜூஸ் 24. திரைகள் 31, 32. தராசு 41. ரவுட்டர் தானாக வழங்கும் எண்களை 100 முதல் 200 வரை என்று அதன் டிஎச்சிபி பக்கத்தில் கட்டிப்போட வேண்டும். போன், டேப்லெட் எல்லாம் அந்த வரம்புக்குள்தான் வரும். 21-ம் 22-ம் பிரிண்டருக்கே சொந்தம்.

இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் நடக்கிற கூத்தைப் பாருங்கள். அடுப்படி பிரிண்டருக்கு யாரோ கையால் 192.168.1.5 என்று வைத்திருப்பார்கள். ரவுட்டருக்கு அது தெரியாது. புதிதாகச் சேர்ந்த பையன் தன் போனில் வைஃபை போட்டதும் அதே 5-ஐ அவனுக்கும் கொடுத்துவிடும். பிறகு அவன் உள்ளே இருந்தால் பிரிண்டர் நிற்கும், டீ குடிக்க வெளியே போனால் ஓடும். பிரிண்டரை மாற்று, ஒயரை மாற்று என்று முதலாளி செலவு செய்துகொண்டிருப்பார். குற்றவாளி பையனின் சட்டைப்பையில் இருக்கும்.

எண்ணின் நடுவே ஏன் 50 என்று கேட்பீர்கள். இணைய நிறுவனம் கொடுக்கும் பெட்டி தனக்கென்று ஒரு வரிசையோடு வரும், பலவற்றில் 192.168.1, ஜியோவில் 192.168.29. பிரிண்டர்களை அந்தப் பெட்டியிலேயே நேராகக் கட்டினால், நாளைக்கு இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது வரிசையும் மாறிவிடும், எல்லா பிரிண்டரும் ஒரே நாளில் காணாமல் போகும். அதனால் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி, அவர்கள் பெட்டியிலிருந்து ஒரே ஒரு ஒயரை அதன் WAN (இணையம் உள்ளே வரும்) துளையில் செருகுங்கள். ஹோட்டல் முழுவதும் நம் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கட்டும். இணையமே இல்லாவிட்டாலும் பில்லும் கேஓடியும் ஓடும். முன்னும் பின்னும் ஒரே வரிசை வரக்கூடாது, அதற்குத்தான் 50. வாடிக்கையாளருக்கு வைஃபை தருவதென்றால் விருந்தினர் வைஃபை என்று தனியாகத் திறந்துவிடுங்கள். கடை வைஃபையின் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

ஒயர்

என் பிடிவாதம் ஒன்று உண்டு. நகராத பொருளுக்கு வைஃபை கிடையாது. பிரிண்டர் நகராது, டிவி நகராது, தராசு நகராது. சப்ளையர் கையிலிருக்கும் டேப்லெட் ஒன்றுதான் நகரும், வைஃபை அதற்கு மட்டும். “வைஃபை பிரிண்டர்னா ஒயர் செலவு மிச்சம்தானே” என்பார்கள். அடுப்படியில் எவர்சில்வர் மேடை, எவர்சில்வர் அலமாரி, புகைக்கூண்டு, எல்லாம் உலோகம். அலை அங்கே தடுமாறும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்தான். கேக் சூடு பண்ணும்போதெல்லாம் கேஓடி தாமதமாகிறது என்று புகார் வந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். டேப்லெட்டுகளையும் முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸில் போடுங்கள்.

கேட்-6 ஒயர் 305 மீட்டர் பெட்டியாக வரும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது; பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லும். முழுச் செம்பு வாங்குங்கள். ஒரு ஒயரின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது, ஹோட்டலில் அது பிரச்சினையே இல்லை. முனையில் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. ஒயரை பைப்புக்குள் விடுங்கள், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சும்மா எறியாதீர்கள். எலிக்கு லேன் ஒயர் என்றால் அப்படி ஒரு ருசி.

எல்லா ஒயரும் கல்லாவுக்குக் கீழே எட்டு துளை அல்லது பதினாறு துளை சுவிட்ச் ஒன்றில் வந்து சேரட்டும். அங்கேயொரு சின்னது, இங்கேயொரு சின்னது என்று சுவிட்ச் மேல் சுவிட்ச் தொங்கவிட்டால் கோளாறு தேடும்போது உங்களுக்கே எது எங்கே போகிறது என்று தெரியாது. ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் தாளில் எழுதிய எண்ணை ஒட்டுங்கள். சுவிட்ச், ரவுட்டர் இரண்டையும் கணினியின் யூபிஎஸ்ஸிலேயே செருகுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் இடைவெளியில் கணினி உயிரோடு இருந்தும் ரவுட்டர் அணைந்து எழுந்தால், டேப்லெட்டுகள் வைஃபையைத் தேடிக்கொண்டே நிற்கும்.

பிரிண்டர்

அடுப்படிக்கு எந்த பிரிண்டர் என்பதில் அவசரப்படாதீர்கள். தெர்மல் பிரிண்டர் மையில்லாமல் சூட்டால் எழுதுவது; அதன் காகிதம் சுமார் 70 டிகிரி சூட்டிலேயே கறுக்கத் தொடங்கும். அடுப்புக்கு நேர் மேலே சீட்டைத் தொங்கவிட்டால் ஆர்டர் தெரியாமல் போய்விடும். ரிப்பன் போட்டு ‘கிர்ர்’ என்று அடிக்கும் எப்சன் டிஎம்-யு220 போன்ற பழைய ரகத்தை இன்னும் சில அடுப்படிகளில் பார்க்கலாம். மெதுவானதுதான், ஆனால் சூடு அதை ஒன்றும் செய்யாது. அந்தச் சத்தமும் ஒரு வசதி. எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலிலும் ஆர்டர் வந்தது மாஸ்டருக்குக் கேட்கும். தெர்மல்தான் வேண்டுமென்றால் பஸர் உள்ள மாடலாக வாங்கி, அடுப்பை விட்டுத் தள்ளி, எண்ணெய்ப் புகை படாத பக்கம் வையுங்கள்.

லேன் துளை உள்ள மாடலையே வாங்க வேண்டும். யூஎஸ்பி பிரிண்டரைக் கல்லாக் கணினியில் மாட்டி, விண்டோஸ் வழியாக மற்ற கணினிகளுக்குப் பகிர்வது மலிவான வழி. எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது, அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் அடுத்தடுத்து திருத்தங்கள் விட்டது. செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க, பகிர்ந்த பிரிண்டர்கள் 11பி என்று முடியும் பிழையோடு நின்றன. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடும் வைத்தியம் இன்றும் கை மாறிக்கொண்டிருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. லேன் பிரிண்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்லாக் கணினியே அணைந்து கிடந்தாலும் பார்சல் கவுண்டரிலிருந்து அடுப்படிக்குச் சீட்டு போகும்.

புது பிரிண்டருக்கு ஐபி வைப்பது இப்படி. பிரிண்டரை அணைத்து, ஃபீட் பொத்தானை அழுத்தியபடி மறுபடி போடுங்கள். தன் விவரங்களை அதுவே அச்சடித்துத் தரும். சீனத் தயாரிப்புகள் பலவற்றில் 192.168.123.100 என்று இருக்கும், எப்சனின் பழைய லேன் கார்டுகளில் 192.168.192.168. நம் வரிசை 50 என்பதால் கணினிக்கு அது தெரியாது. மடிக்கணினிக்குத் தற்காலிகமாக 192.168.123.50 என்று கையால் கொடுத்து, பிரிண்டரின் எண்ணை பிரவுசரில் தட்டுங்கள். பக்கம் திறந்தால் அங்கேயே புது எண்ணை எழுதலாம். திறக்காத மாடலுக்கு நிறுவனத்தின் சிறு மென்பொருள் வேண்டும். டிஎச்சிபியை அணைத்து 192.168.50.22 என்று கொடுங்கள், மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.50.1. மறுபடி ஃபீட் அழுத்தி ஒரு சீட்டு எடுத்து, பிரிண்டரின் அடியிலேயே ஒட்டிவிடுங்கள். பின்னால் வருகிற ஆள் உங்களை வாழ்த்துவான்.

விண்டோஸில் சேர்க்கும்போது, அது தானாகத் தேடிக் காட்டும் பட்டியலை நம்ப வேண்டாம். அந்த வழியில் சேர்த்தால் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி போர்ட் அமைந்து, ஒரு நாள் காரணமில்லாமல் ‘ஆஃப்லைன்’ என்று படுத்துக்கொள்ளும். ஐபி எண் கொடுத்துச் சேர்க்கும் வழியைத் தேர்ந்து, டிசிபி-ஐபி போர்ட், ரா முறை, எண் 9100 என்று வையுங்கள். இந்த 9100, எச்பியின் ஜெட்டைரக்ட் கார்டுகள் பழக்கிவிட்ட எண். இப்போது எல்லா நிறுவனத்துக்கும் பொது. பிறகு போர்ட் அமைப்புக்குள் போய் ‘எஸ்என்எம்பி நிலை’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அந்த வழியில் பிரிண்டரிடம் நலம் விசாரிக்கும். மலிவான தெர்மல் பிரிண்டருக்குப் பதில் சொல்லத் தெரியாது. உடனே விண்டோஸ் அதைச் செத்ததாகக் கணக்கு எழுதிவிடும். ஆஃப்லைன் புகார்களில் பாதி இந்த ஒரு டிக்கில் தீர்ந்துவிடும்.

சீட்டில் தமிழ்

மாஸ்டர் தமிழில்தான் படிப்பார், ஆங்கிலத்தில் அடித்துத் தருவது நம் சோம்பேறித்தனம். ஆனால் இந்த ரக பிரிண்டர்களின் உள்ளே தமிழ் எழுத்து கிடையாது. கணினியிலிருந்து விண்டோஸ் டிரைவர் வழியாகப் போனால், எழுத்தைப் படமாக்கி அனுப்பிவிடுவதால் ‘நெய் ரோஸ்ட்’ ஒழுங்காக வரும். டேப்லெட் செயலி நேராக 9100-க்கு எழுத்தாகவே அனுப்பினால் வரிசையாகக் கேள்விக்குறிதான். செயலியில் ‘படமாக அச்சிடு’ என்ற வசதி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். 80 மி.மீ. ரோலில் உண்மையில் அச்சாகும் அகலம் 72 மி.மீ., மொத்தம் 576 புள்ளிகள். அதற்குள் அடங்கும்படி பெயர்களைச் சுருக்கி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். வெங்காயம் வேண்டாம், காரம் கம்மி போன்ற குறிப்புகள் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக வந்தால் இன்னும் நல்லது.

நின்றுவிட்டால்

வரிசையாகப் பாருங்கள். பிரிண்டரின் லேன் துளையில் விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் ஒயர், அல்லது மின்னலில் போன துளை. எரிகிறதென்றால் கணினியின் கறுப்புத் திரையில் பிங் கட்டளையை அந்த ஐபி எண்ணோடு தட்டுங்கள். பதில் வராவிட்டால் ஃபீட் பொத்தான் சோதனை செய்து எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் ஒரு வேலை செய்யுங்கள்: பிரிண்டரை அணைத்துவிட்டு மறுபடி பிங் செய்யுங்கள். அணைத்த பிறகும் பதில் வருகிறதா? அப்படியானால் வேறொரு கருவி அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன சட்டைப்பை விவகாரம்.

இதிலும் சிக்காத ஒரு கோளாறு உண்டு. இந்த பிரிண்டர்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும். ஏதோ ஒரு டேப்லெட் இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் தூங்கிப்போனால் மற்றவர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டால் சரியாகும். அடிக்கடி நடந்தால் அந்தச் செயலியைத்தான் கவனிக்க வேண்டும்.

சரியானதும் உடனே சந்தோஷப்படாதீர்கள். நின்ற நேரமெல்லாம் கணினியின் வரிசையில் தேங்கிய கேஓடிகள் ஒன்று விடாமல் இப்போது அடிக்கும். அதற்குள் சப்ளையர்கள் வாயால் சொல்லி வாங்கிப்போன தோசைகளை மாஸ்டர் இரண்டாம் முறை ஊற்றிவிடுவார். ஒயரை மறுபடி செருகும் முன் வரிசையைக் காலி செய்யுங்கள். அழிய மறுத்தால் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, அதன் கோப்புறையில் தேங்கியதை அழித்து, திரும்ப ஓட்டுங்கள்.

திரைகள்

டோக்கன் டிவிக்கு நீளமான எச்டிஎம்ஐ ஒயர் கேட்பார்கள். சாதாரண ஒயர் 10 மீட்டரைத் தாண்டினால் எனக்குப் பயம். படம் வரும், போகும். கேட்-6 வழியாக எச்டிஎம்ஐ கடத்தும் ஜோடிப் பெட்டிகள் கிடைக்கின்றன. மலிவான ரகத்தில் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குத் தனி ஒயர் போக வேண்டும். துளை ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதை சுவிட்சில் செருகக்கூடாது, அதில் ஓடுவது லேனே அல்ல. சுவிட்ச் வழியாகப் போகும் ஐபி ரகமும் உண்டு. அது படத்தை எல்லாத் துளைக்கும் வாரி இறைத்து பிரிண்டர்களைத் திணறடிக்கலாம். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (படத்தைக் கேட்ட துளைக்கு மட்டும் அனுப்பும் வசதி) உள்ள சுவிட்ச் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

படத்தையே கடத்தாமல் இருப்பது உத்தமம். டிவிக்குப் பின்னால் ஒரு ராஸ்பெர்ரி பை அல்லது குட்டிக் கணினியை மாட்டி, அதற்கு 192.168.50.31 கொடுத்து, பில்லிங் மென்பொருளின் டோக்கன் பக்கத்தை பிரவுசரில் கியோஸ்க் முறையில் முழுத்திரையாகத் திறந்துவிடுங்கள். லேனில் போவது சில எழுத்துகள்தான். அடுப்படித் திரைக்கும் இதே முறை. பக்கம் திறக்காவிட்டால் முதலில் கல்லாக் கணினியின் ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவலை, பாருங்கள். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க், பொது இடம் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கும். ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் ராஸ்பெர்ரி தானாக எழும். குட்டிக் கணினிக்கு பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புப் பக்கம்) மின்சாரம் திரும்பியதும் எழச் சொல்லி வைக்க வேண்டும். டிவிதான் தகராறு: பல வீட்டு டிவிகள் ஸ்டாண்ட்பையில் நின்றுவிடும், சில மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானே அணையும். அமைப்புக்குள் போய்த் தானணைப்பையும் மின்சேமிப்பையும் நிறுத்துங்கள்.

கிரிக்கெட் நாளில் டிவியில் எதையாவது போனிலிருந்து காட்ட ஆசைப்பட்டால், கூகுள் காஸ்டில் போனும் டிவியும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால்தான் ஒன்றை ஒன்று பார்க்கும். விருந்தினர் வைஃபையில் கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதால் அங்கிருந்து தெரியாது. மிராகாஸ்ட் என்ற இன்னொரு முறை ரவுட்டர் இல்லாமலே நேராகப் பேசும், விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையோடு K-ஐ அழுத்தினால் போதும். நிரந்தர வேலைக்கு இரண்டுமே வேண்டாம்.

கல்லாப்பெட்டி, தராசு

பணப்பெட்டி கணினியில் அல்ல, பிரிண்டரில் மாட்டுவது. பிரிண்டரின் பின்னால் போன் துளை மாதிரி இருப்பது அதற்குத்தான்; அதில் பெட்டியைத் திறக்க 24 வோல்ட் பாயும் என்பதால் போன் ஒயரையோ லேன் ஒயரையோ செருகாதீர்கள். அதே பிரிண்டரில் டோக்கனும் அடித்தால் ஒவ்வொரு டோக்கனுக்கும் பெட்டி திறக்கும். தீர்வு எளிது: ஒரே ஐபிக்கு விண்டோஸில் இரண்டு பெயரில் பிரிண்டர் சேர்த்து, ‘பில்’ என்பதில் மட்டும் பெட்டி திறக்கும் வசதியைப் போடுங்கள்.

தராசு கணினிக்குப் பக்கத்தில் இருந்தால் சீரியல் ஒயரே போதும். தள்ளி இருந்தால் சீரியலை லேனாக்கும் சிறு பெட்டி ஒன்றை இடையில் வையுங்கள், தராசின் வேகத்தை, பெரும்பாலும் 9600, இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள்.

வீட்டிலிருந்து பார்ப்பது

முதலாளிக்குக் கல்லாத் திரையை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் இதற்குப் பொருந்தாது. ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து உள்ளே வர அது விடாது. புரோ பதிப்பில் வெளியிலிருந்து ஒருவர் நுழைந்ததும் இங்கே திரை பூட்டிக்கொள்ளும், காசாளர் பில் போட முடியாமல் விழிப்பார். இருவரும் ஒரே திரையைப் பார்க்க விஎன்சி வகை வேண்டும். அது பிறந்தது கேம்பிரிட்ஜில் உள்ள ஓர் ஆய்வகத்தில். அந்தக் குழுவில் இருந்த குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், அதற்கு முன் 1991-ல் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் காபிப் பாத்திரத்தின் மேல் கேமரா வைத்து, காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கும் திட்டத்திலும் பங்கெடுத்தவர். ஹோட்டல்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

விஎன்சியின் போர்ட் 5900-ஐயோ ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் 3389-ஐயோ ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்த கதவைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 9100-க்கும் அதே விதி. அந்த வழியில் யார் எதை அனுப்பினாலும் பிரிண்டர் கடவுச்சொல் கேட்காமல் அடித்துவிடும். டெய்ல்ஸ்கேல் போன்ற தனிச் சுரங்கத்துக்குள் விஎன்சி வைப்பது என் வழக்கம். எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்ற தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலிகளைப் பயன்படுத்துவதென்றால் நீளமான கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போடுங்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் வழியாக நடக்கும் யுபிஐ மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. செயலியில் குற்றமில்லை, போனில் கேட்டவனிடம் எண்ணைப் படித்துக் காட்டியதுதான் வினை. கல்லாவில் உட்காருபவரிடம், போனில் யார் கேட்டாலும், அது நானே ஆனாலும், திரையில் தெரியும் எண்ணைச் சொல்லக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் வேலையை விட்டுப் போகும் அன்று அந்தக் கடவுச்சொல்லையும் கடை வைஃபையையும் மாற்றுங்கள்.